டார்பிடோ வலை தோற்றுப்போன யோசனை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில், போர்க்கப்பல்களின் பழைய தற்காப்பு முறைகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கப்பலின் பக்கவாட்டில் இரும்பு வலையைத் தொங்கவிட்டு டார்பிடோவை, அதாவது தண்ணீருக்குள் ஓடிவந்து கப்பலில் மோதி வெடிக்கும் ஆயுதத்தை, தடுக்க முயன்ற கதையைக் கட்டுரையாளர் நாலைந்து வரியில், அந்தக் காலத்து வேடிக்கை போல எழுதி முடித்துவிட்டார். 1915 மே மாதம், முதல் உலகப் போரில், துருக்கியின் கலிப்போலி கரையோரம் டிரையம்ப், மெஜஸ்டிக் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் வலையை விரித்து வைத்திருந்தும் மூழ்கின. ஆகவே வலையால் பயனில்லை என்பது அவருடைய தீர்ப்பு. சம்பவம் உண்மைதான். தீர்ப்புதான் சரியில்லை. சரக்குக் கப்பல்களில் கலாசியாக (டெக் தொழிலாளியாக) சேர்ந்து சாரங்காக (டெக் ஆட்களின் தலைவனாக) ஓய்வு பெற்ற எனக்கு அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

அந்த வலை எப்படி இருந்தது என்பதே கட்டுரையில் இல்லை, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ராபர்ட் வைட்ஹெட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1866இல், இன்றைய குரோவேஷியாவில் உள்ள ஃபியூமே துறைமுகத்தில் தானாக ஓடும் டார்பிடோவைச் செய்து காட்டினார். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் பெரிய கடற்படைகள் எல்லாம் அதைத் தடுக்க வழி தேட ஆரம்பித்துவிட்டன. அப்படி வந்ததுதான் இது. கப்பலின் இரு பக்கமும் நீண்ட பூம்களை (கம்பங்களை) கீல் வைத்துப் பொருத்துவார்கள். கப்பல் ஓடும்போது அவை உடலோடு ஒட்டிச் சாய்வாக மடிந்து கிடக்கும். பழைய போர்க்கப்பல் படங்களில் பக்கவாட்டில் சாய்வாக வரிசைக் கோடுகள் தெரியும் அல்லவா, அவை இந்தப் பூம்கள்தான். நங்கூரம் போட்டதும் அவற்றை வெளியே தள்ளி விரிப்பார்கள். முப்பது நாற்பது அடி தள்ளி, எஃகு வளையங்களைக் கோத்த வலை தண்ணீருக்குள் திரைபோல் இறங்கி நிற்கும். டார்பிடோ அதில் மோதி வெடித்தாலும், வலைக்கும் கப்பலுக்கும் இடையில் இருக்கும் தண்ணீர் அந்த அடியைத் தணித்துவிடும். அந்த இடைவெளிதான் உண்மையான கவசம்.

இதை விரிப்பது லேசான வேலை இல்லை. நான் கடலுக்குப் போன காலத்தில், சரக்கை ஏற்றி இறக்கச் சொந்த டெரிக் (பாரம் தூக்கும் கம்பம்) வைத்திருந்த கப்பல்கள் நிறைய ஓடின. நீரோட்டமும் அலையும் இருக்கும்போது ஒரே ஒரு டெரிக் பூமைத் தூக்கி நிறுத்த விஞ்சில் (கயிறு சுற்றும் பொறியில்) ஒருவர், இரு பக்கக் கயிறுகளிலும் ஆட்கள், நடுவில் நின்று சத்தம் கொடுக்கச் சாரங்கு என்று எல்லோரும் வேண்டும். ஒரு பிடி தளர்ந்தால் போதும், பூமின் தலை இடமும் வலமுமாக வீசி அடிக்கும். அன்றைய போர்க்கப்பலில் அப்படிப்பட்ட பூம்கள் இரு பக்கமும் வரிசையாக, அவற்றில் டன் கணக்கில் கம்பி வலை. பிரிட்டிஷ் கடற்படையில் வலை விரிப்பதைக் கப்பலுக்குக் கப்பல் போட்டி வைத்துப் பயிற்சி செய்தார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பெரிய போர்க்கப்பலில் சுமார் எழுநூறு பேர் இருந்தார்கள். அவ்வளவு கைகள் இருந்ததால்தான் அது முடிந்தது.

சரி, வலை வேலை செய்ததா? கட்டுரையாளர் 1915இலிருந்து தொடங்குகிறார். நான் 1904க்குப் போகிறேன். அந்த ஆண்டு பிப்ரவரி 8ஆம் தேதி இரவு, சீனக் கரையில் ரஷ்யர்கள் வசம் இருந்த போர்ட் ஆர்தர் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நின்ற ரஷ்யக் கப்பல்களை ஜப்பானியர்கள் டார்பிடோவால் தாக்கினார்கள். வலைகள் கப்பலில் இருந்தன, விரிக்கப்படவில்லை. ரெட்விசான், செசரெவிச், பல்லாடா மூன்றும் அடிபட்டன. அதே ஆண்டு டிசம்பரில், அதே இடத்தில், செவஸ்தபோல் என்ற ரஷ்யப் போர்க்கப்பல் மட்டும் வெளியே வந்து வலையை விரித்து நின்றது. அதன் தலைவர் நிகோலாய் ஃபொன் எஸ்ஸென். ஜப்பானிய டார்பிடோ படகுகள் இரவுக்கு இரவு வந்து தாக்கின. நூற்றுக்கும் மேற்பட்ட டார்பிடோக்கள் அந்த ஒரு கப்பலின் மேல் ஏவப்பட்டன. சில வலையிலேயே வெடித்தன. கடைசியில் பின்பக்கத்தில் அடி விழுந்தது, அப்போதும் கப்பல் மூழ்கவில்லை. துறைமுகம் சரணடைந்த பிறகு, 1905 ஜனவரி 2ஆம் தேதி, எதிரி கையில் சிக்கக் கூடாது என்று எஸ்ஸெனே அதை ஆழமான இடத்துக்குக் கொண்டுபோய் மூழ்கடித்தார். வலையைப் பற்றி ஒருவர் தீர்ப்புச் சொல்ல வேண்டுமானால் பிப்ரவரியையும் டிசம்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

கலிப்போலியில் என்ன நடந்தது? மே 25ஆம் தேதி டிரையம்ப், 27ஆம் தேதி மெஜஸ்டிக். இரண்டையும் தாக்கியது ஓட்டோ ஹெர்சிங் தலைமையில் வந்த யு-21 என்ற ஒரே ஜெர்மன் நீர்மூழ்கி. இரண்டு முறையும் டார்பிடோ வலையைக் கிழித்துக்கொண்டு போனது. டார்பிடோவின் மூக்கில் வலையை வெட்டும் கருவி பொருத்தும் வித்தை அதற்குள் வந்துவிட்டது. டார்பிடோவின் வேகமும் வெடிமருந்தும் வெகுவாக ஏறியிருந்தன. வலை அதற்கு ஈடாக வளரவில்லை. வளர்ந்திருந்தால் அதன் எடையை எந்தப் பூமும் தாங்கியிருக்காது. அடுத்த ஆண்டு வட கடலில் நடந்த ஜட்லாந்து சண்டையில் இன்னொரு சிக்கல் தெரிந்தது. டெர்ஃப்லிங்கர் என்ற ஜெர்மன் கப்பலின் வலை குண்டடியில் அறுந்து தொங்கி, புரொப்பெல்லரில் சிக்கிவிடுமோ என்ற நிலை. நடுச் சண்டையில் கப்பலை நிறுத்தி அதைச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. புரொப்பெல்லரில் கம்பி வடம் சுற்றினால் என்ன ஆகும் என்று தெரிந்த எவனும் அந்த நிமிடங்களை நினைத்து நடுங்குவான். அதற்குப் பிறகு போர்க்கப்பல்களிலிருந்து வலைகளைக் கழற்றிவிட்டார்கள். அது நியாயமான முடிவு. போர்க்கப்பலுக்கு வேகம்தான் காப்பு. வேகத்துக்கு இடைஞ்சலாக இருப்பதைத் தூக்கிப் போடத்தான் வேண்டும்.

கட்டுரை இங்கே நின்றுவிடுகிறது. எனக்கு வருத்தம் தருவது இதுதான். அடுத்த போரில் வலை திரும்பி வந்தது. வந்தது போர்க்கப்பலுக்கு அல்ல, சரக்குக் கப்பலுக்கு.

இரண்டாம் உலகப் போரில் அட்லாண்டிக்கில் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை வேட்டையாடியபோது, பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை ஓடும் கப்பலிலேயே விரித்து இழுத்துச் செல்லக்கூடிய வலையை உருவாக்கியது. போர் முடிவதற்குள் சுமார் 700 கப்பல்களில் அதைப் பொருத்தினார்கள். போருக்காக அமெரிக்காவில் கட்டிய லிபர்டி ரகச் சரக்குக் கப்பல்கள் பலவற்றிலும் அந்தப் பூம்கள் இருந்தன. வலையை இறக்கினால் வேகம் குறையும். ஆனால் ஏற்கெனவே பத்து நாட் (மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர்) வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும் சரக்குக் கப்பல், நீர்மூழ்கியிடமிருந்து ஓடித் தப்பிக்கப் போவதில்லையே. போர்க்கப்பலுக்குப் பொருந்தாத கணக்கு இதற்குப் பொருந்தியது. வலை விரித்த நிலையில் 21 கப்பல்கள் தாக்கப்பட்டன. அவற்றில் 15 தப்பின. மற்ற 6 கப்பல்களில் டார்பிடோ வலையைத் துளைத்தது அல்லது வலை மூடாத இடத்தில் பட்டது. பதினைந்து கப்பல்கள் என்றால் எத்தனை மாலுமிகள் என்று கட்டுரையாளர் ஒரு தடவை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்த வலை கப்பலின் பக்கத்தில் அறுபது முதல் எழுபத்தைந்து சதவீதம் வரைதான் மூடியது. முன்முனையும் பின்பக்கமும் திறந்தே கிடந்தன. இதைக் குறையாகச் சொல்பவர்கள், அன்றைய சரக்குக் கப்பலில் இன்ஜின் அறை எங்கே இருந்தது என்று பார்ப்பதில்லை. பெரும்பாலும் நடுவில்தான் இருந்தது. வலை மூடிய இடமும் அதுவே. டார்பிடோ இன்ஜின் அறையில் பட்டால் கீழே வேலையில் இருப்பவர்கள் ஏணி ஏறி வெளியே வருவது பெரும்பாடு. பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களின் மாலுமிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் அன்றைய இந்தியாவிலிருந்து போனவர். அவர்களில் ஏராளமானவர்கள் அந்த இன்ஜின் அறைகளில் கரி அள்ளியவர்கள். அந்தப் போரில் இறந்த இந்தியக் கடலோடிகளின் பெயர்களைத் தாங்கிய நினைவேடுகள் மும்பையிலும் சிட்டகாங்கிலும் இருக்கின்றன. ஆறாயிரத்துக்கும் அதிகமான பெயர்கள். பெரும்பாலோர் சரக்குக் கப்பல்காரர்கள். வலை பயனற்றது என்று போகிறபோக்கில் எழுதும்போது இவர்களைப் போன்றவர்களின் உயிர்களையும் சேர்த்தே ஒதுக்கிவிடுகிறோம்.

வலை எல்லாவற்றையும் தடுக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. 1940 நவம்பரில் டராண்டோ துறைமுகத்தில் இத்தாலியக் கடற்படை வலை போட்டிருந்தது. தேவையான நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் போட்டிருந்தார்கள். அதுவும் கப்பல் தண்ணீரில் அமிழும் ஆழம் வரைதான் இறங்கியிருந்தது. பிரிட்டிஷ் விமானங்கள் போட்ட டார்பிடோக்கள் அதற்கும் கீழே ஓடி, கப்பலின் அடியில் வெடிக்கும்படி அமைக்கப்பட்டிருந்தன. 1943இல் ஜெர்மானியர்கள் புரொப்பெல்லர் சத்தத்தைத் துரத்திக்கொண்டு வரும் டார்பிடோவைக் கொண்டுவந்தார்கள். பக்கவாட்டு வலை அதற்கு என்ன செய்யும்? அதற்கு நேச நாடுகள் கப்பலின் பின்னால் சத்தம் போடும் கருவியை இழுத்துச் சென்று டார்பிடோவை ஏமாற்றின. இன்றைய போர்க்கப்பல்கள் இழுத்துச் செல்லும் ஏமாற்றுக் கருவிகள் அந்த வழியில் வந்தவை. பெரிய டார்பிடோ இன்று கப்பலின் அடியில் வெடித்து முதுகெலும்பையே முறிக்கிறது. அதற்கு எதிராக வலை என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் இப்போது ஆளில்லாப் படகுகள் வந்துவிட்டன. வெடிமருந்தை ஏற்றிக்கொண்டு நீர்மட்டத்தில் ஓடிவந்து மோதுகின்றன. வலை பற்றிய பேச்சு திரும்பவும் எழுவதற்கு இதுவே காரணம். ரஷ்யர்கள் கிரிமியாவில் உள்ள செவஸ்தபோல் துறைமுக வாயிலில் தடுப்புகளை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். சரக்குக் கப்பல்களிலும் ஏதாவது மாட்டலாமே என்று கரையில் உட்கார்ந்து திட்டம் போடுபவர்கள் இரண்டு விஷயங்களை நினைவில் வைக்க வேண்டும்.

இன்றைய சரக்குக் கப்பலில் இன்ஜின் அறை நடுவில் இல்லை, பின்னால் இருக்கிறது. 2024 ஜூன் 12ஆம் தேதி செங்கடலில் டியூட்டர் என்ற சரக்குக் கப்பலின் பின்பகுதியில்தான் அப்படிப்பட்ட ஆளில்லாப் படகு ஒன்று மோதியது. இன்ஜின் அறையில் தண்ணீர் புகுந்தது, அங்கே இருந்த பிலிப்பைன்ஸ் மாலுமி ஒருவர் திரும்பி வரவில்லை, சில நாட்களில் கப்பலும் மூழ்கியது. ஓடும் கப்பலின் பின்பக்கத்தில் வலை கட்டினால் புரொப்பெல்லரும் சுக்கானும் அதைச் சும்மா விடாது. ஆக அன்று 15 கப்பல்களைக் காப்பாற்றிய ஏற்பாட்டை அப்படியே எடுத்து இன்று மாட்ட முடியாது. இது ஒன்று.

அப்புறம் ஆட்கள். ஏடன் வளைகுடாவில் கடற்கொள்ளையர் பயம் இருந்த காலத்தில் கப்பலைச் சுற்றி முள்கம்பிச் சுருள் கட்டுவோம். கையுறையையும் கிழித்துக்கொண்டு போகும் கம்பி அது. இரவுக் காவலும் பார்த்துவிட்டு, பகலில் பெயிண்ட் வேலையும் செய்துவிட்டு, அதையும் கட்டியவர்கள் டெக்கில் இருந்த அதே சில பேர்தான். ஆபத்துப் பகுதி தாண்டியதும் அவிழ்ப்பவர்களும் அவர்களே. அதற்காகக் கூடுதலாக ஓர் ஆளைக்கூட ஏற்றிப் பார்த்ததில்லை. இன்றைக்கு ஒரு பெரிய சரக்குக் கப்பலில் மொத்தமே இருபது இருபத்திரண்டு பேர். எழுநூறு பேர் செய்த வேலையை இவர்களில் ஆறேழு பேர் தலையில் கட்டிவிட்டு, பாதுகாப்பு கொடுத்தாயிற்று என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. வலையும் பூமும் பக்கத்தில் தொங்கும்போது உயிர்காப்புப் படகை எப்படி இறக்குவது என்ற கேள்விக்கும் முதலிலேயே பதில் வேண்டும்.

என் எண்ணம் இது. ஓடும் கப்பலுக்கு வலை வேண்டாம். ஆனால் துறைமுகத்துக்கு வெளியே, இடம் கிடைக்க நாள்கணக்கில் நங்கூரத்தில் காத்துக் கிடக்கும் கப்பல்களுக்கு வேண்டும். செவஸ்தபோல் கப்பல் தாங்கி நின்றதும் நங்கூரத்தில்தான். அந்த வலையைக் கப்பலின் உடலில் மாட்டத் தேவையில்லை. போர் நடக்கும் பகுதியில் நங்கூரமிடும் இடத்தைச் சுற்றி மிதவைகளில் கட்டித் துறைமுகமே பராமரிக்கலாம். செலவும் உழைப்பும் துறைமுகத்தின் பொறுப்பாக இருக்கட்டும். உள்ளே நிற்கும் மாலுமிகள் ஓர் இரவாவது தூங்குவார்கள்.

தங்கள் பத்திரிகைக்கு ஒரு வேண்டுகோள். சரக்குக் கப்பல்களில் வலை பொருத்திய அந்த ஏற்பாட்டைப் பற்றித் தனியாக ஒரு முழுப் பக்கக் கட்டுரை வெளியிடுங்கள். பூம்களை விரித்து நிற்கும் சரக்குக் கப்பல் ஒன்றின் படத்தையும் சேர்த்துப் போடுங்கள். இப்போது கடலில் இருக்கும் நம் பிள்ளைகள் பலர் உங்கள் பத்திரிகையைக் கைபேசியில் படிக்கிறார்கள். அவர்களுக்கு அது உதவும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சரக்குக் கப்பல் சாரங்கு