முப்பது ஆண்டு கழித்து ஒரு பட்டத்தை ரத்து செய்தவர்களுக்கு

இஸ்தான்புல் பல்கலைக்கழக நிர்வாகக் குழுவின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் துருக்கியன் அல்லன். உங்கள் நகரத்தில் எனக்கு வாக்கும் இல்லை, வழக்கும் இல்லை. பணிக்காலத்தை ஒரு பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்தில், இணைச் சான்று, இடப்பெயர்வுச் சான்று, மதிப்பெண் பட்டியல் சரிபார்ப்பு ஆகிய கோப்புகளுக்கு நடுவே கழித்தவன். அதனால் 2025 மார்ச் 18 அன்று நீங்கள் வெளியிட்ட அறிவிப்பை மற்றவர்கள் அரசியல் செய்தியாகப் படித்தபோது, நான் அதை அலுவலகக் குறிப்பாகப் படித்தேன். அப்படிப் படித்தாலும் அது தேறவில்லை.

1990ல் உங்கள் வணிக நிர்வாகப் புலத்தின் ஆங்கிலவழிப் பிரிவுக்கு வேறு கல்வி நிலையங்களிலிருந்து மாறி வந்தவர்களில் 28 பேரின் சேர்க்கை விதிப்படி நடக்கவில்லை, ஆகவே அவர்களுடைய பட்டங்கள் செல்லாது என்பது அந்த அறிவிப்பின் சாரம். 28 பேரில் ஒருவர் எக்ரெம் இமாமோக்லு, அப்போது இஸ்தான்புல் பெருநகர மேயராக இருந்தவர். மறுநாள் விடியும் முன்பே அவர் வீட்டு வாசலில் போலீஸ் நின்றது. 23ஆம் தேதி ஊழல் வழக்கில் சிறையில் அடைத்தார்கள். குடியரசுத் தலைவர் தேர்தலில் நிற்பவர் உயர்கல்வி முடித்திருக்க வேண்டும் என்கிறது துருக்கி அரசியலமைப்பின் 101ஆம் பிரிவு. முக்கிய எதிர்க்கட்சியான குடியரசு மக்கள் கட்சி அவரைத் தன் வேட்பாளராகத் தேர்ந்தெடுக்கக் குறித்து வைத்திருந்த நாளும் அதே மார்ச் 23தான். இந்தத் தேதிகள் தற்செயலாக வரிசையில் வந்து நின்றன என்று நீங்கள் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். நம்பவும் வேண்டும் என்று சொல்லாதீர்கள்.

உங்கள் முன்னாள் மாணவர் யார் என்பதை உங்களுக்கே சொல்ல வேண்டியிருக்கிறது. கருங்கடல் கரையில், டிராப்சான் மாகாணத்தின் அக்சாபாத் பகுதியில் 1970ல் பிறந்தவர். வட சைப்ரஸின் கிர்னேயில் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கால்பந்தில் கோல்கீப்பராகவும் ஆடினார். 1990ல் உங்களிடம் மாறி வந்தார். 1994ல் படிப்பை முடித்தார். மனிதவள மேலாண்மையில் முதுகலைப் பட்டத்தையும் உங்களிடமே பெற்றார். பிறகு குடும்பத்தின் கட்டுமானத் தொழில், டிராப்சான்ஸ்போர் கால்பந்துக் கழகத்தின் நிர்வாகக் குழு என்று வழக்கமான ஒரு வசதிக் குடும்பத்துப் பிள்ளையின் பாதை. 2008ல் கட்சியில் சேர்ந்தார். 2014ல் இஸ்தான்புல்லின் மேற்கு ஓரத்தில் இருக்கும் பெய்லிக்டூசூ என்ற புறநகரின் மேயரானார். 2018 இறுதியில் அவரைப் பெருநகர வேட்பாளராக அறிவித்தபோது நகரத்தில் பலருக்கு அவர் பெயரே தெரியாது. எதிரே ஆளுங்கட்சி சார்பில் நின்றவர் முன்னாள் பிரதமர் பினாலி இல்திரிம்.

2019 மார்ச் 31 அன்று ஏறக்குறைய 13,000 வாக்குகளில் இமாமோக்லு வென்றார். கால் நூற்றாண்டு ஒரே அரசியல் மரபின் கையில் இருந்த நகரம் கைமாறியது. ஏப்ரல் 17 அன்று வெற்றிச் சான்றிதழ் தந்தார்கள். மே 6 அன்று உச்சத் தேர்தல் குழு, ஏழுக்கு நான்கு என்ற கணக்கில், அந்தத் தேர்தலையே ரத்து செய்தது. சில வாக்குச்சாவடிக் குழுக்களின் தலைவர்கள் அரசு ஊழியர்கள் அல்லர் என்பது காரணம். அவர்களை நியமித்தது யார்? தேர்தல் குழுக்களேதான். வாக்காளர் ஒரே உறையில் போட்ட நான்கு சீட்டுகளில் மாவட்ட மேயருக்கானது செல்லும், மன்றத்துக்கானது செல்லும், முக்தார் எனும் பேட்டைத் தலைவருக்கானதும் செல்லும். பெருநகர மேயருக்கான சீட்டு மட்டும் செல்லாது. இப்படி ஒரு உறையை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை.

இதை உங்களிடம் எடுத்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. அலுவலகம் செய்த தவறுக்குக் குடிமகன் அபராதம் கட்ட வேண்டும் என்ற தர்க்கம் அன்று வாக்காளர் மீது பிரயோகிக்கப்பட்டது. ஆறு ஆண்டுகள் கழித்து அதே தர்க்கத்தை மாணவர் மீது பிரயோகித்தவர்கள் நீங்கள். கிர்னே கல்லூரிக்கு அப்போது உயர்கல்விக் குழுவின் அங்கீகாரம் இல்லை என்கிறீர்கள். இருக்கட்டும். விண்ணப்பத்தை வாங்கியது யார், இடம் தந்தது யார்? தேர்வு வைத்து, மதிப்பெண் போட்டு, பட்டத்தில் முத்திரை குத்தியவர்கள் யார்? இமாமோக்லு போலி ஆவணம் பயன்படுத்தினார் என்று அரசு வழக்குத்தொடுநர் தனி வழக்குப் போட்டிருக்கிறார்; அவர் மறுக்கிறார். அந்த வழக்கில் தீர்ப்பு வரும்வரை உங்களால் காத்திருக்க முடியவில்லை. முப்பது ஆண்டு தூங்கிய கோப்புக்கு ஒரே ஒரு நாள் அவசரம் எங்கிருந்து வந்தது?

2019ல் நடந்ததன் முடிவு உங்களுக்குத் தெரியும். ஜூன் 23 மறுதேர்தலில் 13,000 வித்தியாசம் 8 லட்சமாகப் பெருகியது. 2024ல் ஆளுங்கட்சி வேட்பாளர் முராத் குருமை எதிர்த்து இன்னும் பெரிய வெற்றி.

இமாமோக்லுவைப் புனிதராக்க நான் இந்த மடலை எழுதவில்லை. 2022 ஜனவரியில் பனிப்புயலில் நகரம் உறைந்து கிடந்தபோது அவர் பிரிட்டிஷ் தூதரோடு மீன் உணவகத்தில் அமர்ந்திருந்தார். அந்தப் படம் அவரை விரட்டியது நியாயம்தான். கூட்டம் சேர்க்கத் தெரிந்தவர், சேர்ந்த கூட்டத்தில் கொஞ்சம் மயங்கியும் போகிறவர். ஆனால் நிர்வாகம் என்று பார்த்தால் குறிப்பிட நிறைய இருக்கிறது. கொரோனா காலத்தில் நகராட்சி திரட்டிய நன்கொடைக் கணக்குகளை மத்திய அரசு முடக்கியது. அவர் வேறு வழி கண்டார். கட்ட முடியாதவரின் தண்ணீர், எரிவாயுக் கட்டண ரசீதை முகம் தெரியாத இன்னொருவர் கட்டும் ஏற்பாடு அது. கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. ஏழைக் குழந்தைகளுக்குப் பால், மலிவு விலை நகர உணவகங்கள், மாணவர் விடுதிகள், குழந்தைக் காப்பகங்கள், கைக்குழந்தையோடு வரும் தாய்க்கு இலவசப் பயணம் என்று பலவும் அவர் காலத்தில் வந்தன. நின்றுபோன மெட்ரோ பணிகளுக்கு 2020ல் வெளிநாட்டில் பத்திரம் விற்றுப் பணம் திரட்டினார். அதே ஆண்டு லண்டன் ஏலத்தில் இத்தாலிய ஓவியர் பெல்லினியின் பட்டறையில் வரைந்த ஒட்டோமான் சுல்தான் மெஹ்மத்தின் ஓவியத்தை 7,70,000 பவுண்டுக்கு வாங்கியதைத்தான் சிலர் ஆடம்பரம் என்றார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. புதிய டாக்சி உரிமம் கேட்டு அவர் கொண்டுபோன திட்டமோ, அரசுப் பிரதிநிதிகள் பெரும்பான்மையாக இருந்த போக்குவரத்துக் குழுவில் திரும்பத் திரும்பத் தோற்றது.

ஊழல் குற்றச்சாட்டு பற்றி ஒரு வார்த்தை. 400க்கும் மேற்பட்டவர்கள் மீது குற்றப்பத்திரிகை, இமாமோக்லுவுக்கு மட்டும் 2,000 ஆண்டுகளுக்கு மேல் சிறை வேண்டும் என்ற கோரிக்கை. அதில் உண்மை எவ்வளவு என்று தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை. என் வேலையும் அல்ல, உங்கள் வேலையும் அல்ல. ஆனால் ஒரு பழைய கதையை மறக்க முடியவில்லை. இமாமோக்லு உங்களிடம் படிப்பை முடித்த அதே 1994ல் இஸ்தான்புல் மேயரானவர், இன்றைய குடியரசுத் தலைவர் ரெஜெப் தய்யிப் எர்டோகன். சீர்த் நகரக் கூட்டத்தில் ஒரு கவிதை வாசித்ததற்காக அவருக்குப் பத்து மாதத் தண்டனை விதித்தார்கள். பதவி போனது, 1999ல் நான்கு மாதம் சிறையில் இருந்தார். இனி ஊர்த்தலைவராகக்கூட ஆக முடியாது என்று பத்திரிகைகள் எழுதின. நான்கே ஆண்டில் அவர் பிரதமர். மேயரைச் சிறையில் வைப்பதன் பலன் என்ன என்பதை தலைநகர் அங்காராவில் அவரைவிட நன்றாக அறிந்தவர் இருக்க முடியாது.

குர்து நகரங்களில் இது புதிதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2019 ஆகஸ்டில் தியார்பாகிர், மார்தின், வான் மேயர்களை நீக்கிவிட்டு அரசு தன் ஆட்களை அமர்த்தியபோது இஸ்தான்புல்லில் பெரிய எதிர்ப்பு எழவில்லை. இமாமோக்லு தியார்பாகிருக்கே போய் அவர்களைச் சந்தித்தார்.

உங்கள் வரலாற்றுக்கு வருகிறேன். 1933ல் ஒட்டோமான் காலத்து உயர்கல்வி நிலையமான பழைய தாருல்ஃபுனூன் மூடப்பட்டு உங்கள் பல்கலைக்கழகம் நவீன வடிவம் பெற்றது. அந்தச் சீர்திருத்தத்தில் உள்ளூர் ஆசிரியர்கள் பலர் வேலை இழந்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் ஹிட்லரின் ஜெர்மனி துரத்திய அறிஞர்களுக்கு நீங்கள் கதவு திறந்தீர்கள். பொருளியலாளர் நொய்மார்க், சட்ட அறிஞர் ஹிர்ஷ், இலக்கிய அறிஞர் அவர்பாக் எல்லோரும் உங்கள் வகுப்பறைகளில் நின்றார்கள். அதே காலத்தில் ஜெர்மனியப் பல்கலைக்கழகங்கள் நாட்டை விட்டுப் போனவர்களின் முனைவர் பட்டங்களை ரத்து செய்துகொண்டிருந்தன. ரத்து செய்த பக்கத்தில் அன்று நீங்கள் இல்லை. மக்டபர்க் மேயராக இருந்து, நாஜிகளால் பதவி பறிக்கப்பட்டு, வதை முகாமில் அடைபட்ட எர்ன்ஸ்ட் ராய்ட்டர் தப்பி வந்ததும் உங்கள் நாட்டுக்குத்தான். உங்களிடம் அல்ல, அங்காராவில், நகர நிர்வாகம் கற்பித்தார். திரும்பிப் போய் மேற்கு பெர்லினின் மேயரானார்.

2025 மார்ச் 19 அன்று பெயாசித் வளாகத்தில் போலீஸ் தடுப்பை உடைத்துக்கொண்டு, நகராட்சித் தலைமையகம் இருக்கும் சராச்சானேவை நோக்கி முதலில் நடந்தவர்கள் உங்கள் மாணவர்கள். அவர்கள் கையிலும் ஒருநாள் நீங்கள் தரப்போகும் பட்டம் இருக்கும். முப்பது ஆண்டு கழித்து அது செல்லும் என்று அவர்களுக்கு யார் உறுதி தருவார்கள்?

அலுவலகக் குறிப்பாக எழுதுவதானால் என் கேள்விகள் இவைதான். 1990ல் மாற்றுச் சேர்க்கைக்கு ஒப்புதல் தந்த புலக் குழுவின் தீர்மானத்தையும், கையெழுத்திட்டவர்கள் யார் என்பதையும் வெளியிடுவீர்களா? பட்டத்தை ரத்து செய்யும் அதிகாரம் புலக் குழுவுக்கே உண்டு என்று இமாமோக்லு சொல்லும் வாதத்துக்கு உங்கள் எழுத்துப்பூர்வமான பதில் என்ன? 28 பேரில் கலாட்டாசராய் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரும் இருக்கிறார். அவருக்கும் அரசியலில் இல்லாத மற்றவர்களுக்கும் என்ன ஈடு செய்யப்போகிறீர்கள்? கடைசியாக, இளநிலைப் பட்டம் தொடக்கத்திலிருந்தே இல்லை என்றால், அதை நம்பி நீங்களே தந்த முதுகலைப் பட்டத்தை எந்தக் கோப்பில் வைப்பீர்கள்?

பதிலை எதிர்பார்க்கும்,
ஓய்வுபெற்ற பதிவாளர் அலுவலக ஊழியர் ஒருவர்