மேலே காய்ந்தால் போதாது

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுவது. நேற்று போனில் உன் குரலே சரியில்லை. முட்டி ஜவ்வு ஆபரேஷன் ஆகி நான்கு மாதம்தான் ஆகிறது. அதற்குள் கபடிக் களத்தில் இறங்கியே தீருவேன், இல்லாவிட்டால் என்னை மறந்துவிடுவார்கள் என்கிறாய். போனில் எனக்குப் பேச வராது, அதனால் எழுதுகிறேன்.

நான் இப்போது பூச்சு வேலை பார்க்கும் வீட்டுக்காரர் மகன் பனிச்சறுக்குப் பந்தயம் என்றால் உயிரை விடுவான். சாப்பாட்டு நேரத்தில் செல்லைக் காட்டி, "அண்ணே, இவரும் உங்க தொழில்தான்" என்றான். ஹெர்மன் மையர், ஆஸ்திரியாக்காரர். பதினைந்து வயதில் பனிச்சறுக்குப் பள்ளியில் உடம்பு போதாது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். அப்புறம் கோடையில் கொத்தனார் வேலை, பனிக்காலத்தில் மற்றவர்களுக்குச் சறுக்கக் கற்றுக்கொடுப்பது. 1996-இல் சொந்த ஊரான ஃப்ளாஹாவில் உலகக் கோப்பைப் போட்டி நடந்தது. பந்தயத்துக்கு முன் தடத்தைப் பார்க்கச் சிலரை இறக்கிவிடுவார்கள். அப்படி மையரும் இறங்கினார். அவர் வந்த வேகத்துக்கு, போட்டியில் இருந்திருந்தால் பன்னிரண்டாவது இடம். அப்போது வயது 23. சாந்துச்சட்டி தூக்கின கால் அம்மா அது, எனக்குத் தெரியும்.

1998 நாகானோ ஒலிம்பிக்கில் அவர் விழுந்ததை நாலு தடவை பார்த்தேன். காற்றில் பறந்து, தலை மோத விழுந்து, இரண்டு வேலியைப் பிய்த்துக்கொண்டு போகிறார். சாரத்திலிருந்து ஆள் விழுவதைப் பார்த்த மாதிரி வயிறு கலங்கிவிட்டது. மூன்றே நாளில் சூப்பர்-ஜி என்ற பந்தயத்தில் தங்கம், அடுத்த மூன்று நாளில் ஜயன்ட் ஸ்லாலம் என்ற இன்னொரு வகைப் பந்தயத்தில் இன்னொரு தங்கம். உனக்கு இதுதான் பிடிக்கும்.

எனக்குப் பிடித்தது அடுத்தது. 2001 ஆகஸ்டில் மோட்டார் சைக்கிளில் போகும்போது கார் மோதி, வலது கால் நொறுங்கியது. காலை எடுக்க வேண்டியிருக்குமோ என்று டாக்டர்களே யோசித்தார்கள். கம்பி வைத்துக் காப்பாற்றினார்கள். மறு வருஷ ஒலிம்பிக் அவர் இல்லாமலே நடந்தது. யார் மறந்தார்கள்? 2003 ஜனவரியில்தான் திரும்ப வந்தார். முதல் பந்தயத்தில் இரண்டாவது சுற்றுக்கே தேறவில்லை. அதே மாதம் ஆஸ்திரியாவின் கிட்ஸ்பூயெல் ஊரில் சூப்பர்-ஜி ஜெயித்தார். 2004-இல் எல்லா வகைப் பந்தயத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் ஒட்டுமொத்த உலகக் கோப்பை, நான்காவது தடவையாக. பதினேழு மாதம் பொறுத்த கால் அது.

சின்ன வயதில் நான் தளம் போட்டுப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினால் கால் நனைக்க ஓடி வருவாய், ஞாபகம் இருக்கிறதா? ஓரத்தில் தட்டிப் பார்த்து "காஞ்சிருச்சுப்பா, பலகையைப் பிரிக்கலாம்" என்பாய். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே முழுப் பலம் வந்திருக்காது. வீட்டுக்காரர் எவ்வளவு நெருக்கினாலும் நாள் கணக்கு முடியாமல் சென்ட்ரிங் பிரிக்க நான் விட்டதே இல்லை. உன் முட்டி மட்டும் அதைவிட மட்டமா?

டாக்டர் சொன்ன நாள் வரை பயிற்சியை மட்டும் செய், களம் வேண்டாம். அம்மா எள்ளுருண்டை பிடித்து வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டுவருகிறேன். படி ஏறி இறங்கிக் காட்டு, பார்க்கணும்.

அன்புடன்,
அப்பா