புகார் கடிதம்: பழுது என் போனில் இல்லை, உங்கள் டைப்-சி போர்ட்டில் இருக்கிறது

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்
நகல்: தயாரிப்பு வடிவமைப்புப் பிரிவு

பொருள்: சாதாரண டைப்-சி கேபிளில் போனுடன் இயங்காத டாக் கருவிக்கு மாற்றுக் கருவியோ முழுப் பணமோ கேட்டு

வணக்கம்.

உங்கள் நிறுவனத்தின் கையடக்க டாக்-ஆம்ப் கருவியை, அதாவது போனின் டிஜிட்டல் ஒலியை ஹெட்போனுக்கு ஏற்றபடி மாற்றிப் பெருக்கித் தரும் கருவியை, வாங்கிப் பயன்படுத்தி வருகிறேன். என் போனில் 3.5 மி.மீ. ஹெட்போன் ஜாக் கிடையாது. நல்ல வயர் ஹெட்போன் ஒன்று கையில் இருக்கிறது, அதைப் போனிலேயே முழுத் தரத்தில் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் உங்கள் கருவியை வாங்கினேன். பெட்டியின் முன்பக்கத்தில் ‘எல்லா டைப்-சி போன்களிலும் இயங்கும்’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். அது சரியில்லை. இதைச் சேவைப் பிரிவுக்கு எழுதியபோது ‘உங்கள் போன் இந்தக் கருவிக்குப் பொருந்தாது’ என்று பதில் வந்தது. அதுவும் சரியில்லை. பழுது எங்கே இருக்கிறது என்று சோதித்துத் தெரிந்துகொண்ட பிறகே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வேலை செய்யும்போது கருவி அருமையாக ஒலிக்கிறது. பாட்டுக்குப் பின்னால் இரைச்சல் இல்லை. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் குழையாமல் கேட்கிறது, குரலும் வயலினும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாக நிற்கின்றன. உள்ளே இருக்கும் டாக் சிப்பையும் ஆம்ப்பையும் வடிவமைத்தவர்கள் தங்கள் வேலையை அக்கறையோடு செய்திருக்கிறார்கள். அதனால்தான் வருத்தமும் அதிகமாக இருக்கிறது.

நடந்தது இதுதான். பெட்டியில் வந்த குட்டைக் கேபிளில் கருவி ஒழுங்காக ஓடியது. சட்டைப் பையிலும் கைப்பையிலும் மடங்கி மடங்கி, அந்தக் கேபிளின் கழுத்துப் பகுதி தளர்ந்து, ஒலி விட்டுவிட்டு வர ஆரம்பித்தது. கேபிள் தேய்வது இயல்பு, அதற்கு நான் புகார் சொல்லவில்லை. தரமான வேறு டைப்-சி கேபிளை மாட்டினேன். கருவியில் விளக்கே எரியவில்லை. கேபிளைத் திருப்பிச் செருகினாலும் அப்படியே. வேறு டைப்-சி கேபிள்களிலும் வீட்டில் இருந்த மற்றவர்களின் போன்களிலும் அதே கதைதான். லேப்டாப்பின் டைப்-சி போர்ட்டிலும் உயிர் இல்லை. ஆனால் அதே லேப்டாப்பின் பழைய செவ்வக யுஎஸ்பி-ஏ போர்ட்டில், ஏ-யிலிருந்து சி-க்குப் போகும் கேபிளைப் போட்டதும் உடனே இயங்கியது.

உங்கள் சேவைப் பிரிவிலிருந்து முதலில் வந்த கேள்வி, போனில் ஓடிஜி அமைப்பு, அதாவது போனோடு வேறு யுஎஸ்பி கருவிகளை இணைக்க உதவும் வசதி, இயக்கப்பட்டிருக்கிறதா என்பது. நியாயமான கேள்வி. சில போன்களில் அதைத் தனியாக இயக்க வேண்டும், கொஞ்ச நேரம் எதுவும் செருகாமல் இருந்தால் தானாகவே அணைந்தும் போகும். என் போனில் அது இயக்கத்தில்தான் இருந்தது. பென் டிரைவைச் செருகினால் திறக்கிறது என்பதையும் படத்தோடு அனுப்பினேன். அப்புறம் வந்த பதில்கள் எல்லாம் ஒரே வாசகத்தின் நகல்கள்: போன் பொருந்தாது, வேறு போனில் முயன்று பாருங்கள். வேறு போன்களிலும் முயன்றுவிட்டேன் என்று நான் எழுதியதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

ஆகவே நானே ஒரு சோதனை செய்தேன். போனில் ஒரு ஓடிஜி அடாப்டரைச் செருகினேன். ஒரு முனையில் டைப்-சி பிளக், மறு முனையில் செவ்வக யுஎஸ்பி-ஏ துளை இருக்கும் சிறிய துண்டு அது. அதில் ஏ-யிலிருந்து சி-க்குப் போகும் கேபிளை மாட்டி, மறுமுனையை உங்கள் கருவியில் செருகினேன். உடனே விளக்கு எரிந்தது, பாட்டும் வந்தது. ‘பொருந்தாது’ என்று நீங்கள் சொன்ன அதே போன்தான், அதே கருவிதான். நடுவில் உள்ள இணைப்பு மட்டுமே மாறியது. இந்த ஒரு சோதனையைச் சேவைப் பிரிவில் யாராவது செய்து பார்த்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே தேவை வந்திருக்காது.

காரணத்தை உங்கள் வடிவமைப்புப் பிரிவினர் படித்ததும் புரிந்துகொள்வார்கள். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். பழைய செவ்வக யுஎஸ்பி-ஏ போர்ட்டில் 5 வோல்ட் மின்சாரம் எப்போதும் தயாராக இருக்கும். டைப்-சி போர்ட்டில் அப்படி இல்லை. எதிர்ப்பக்கத்தில் மின்சாரம் வாங்கும் ஒரு கருவி இருக்கிறது என்று உறுதியான பிறகே போன் 5 வோல்ட்டைத் திறந்துவிடும். அதை உறுதிசெய்வதற்காகவே சிசி என்று பெயரிட்ட இரண்டு பின்கள் டைப்-சி போர்ட்டில் இருக்கின்றன. மின்சாரம் வாங்கும் கருவியில், அந்த இரண்டு பின்களில் ஒவ்வொன்றிலிருந்தும் கிரவுண்டுக்கு (மின்சுற்றின் பூஜ்ய வோல்ட் இணைப்புக்கு) 5.1 கிலோஓம் ரெசிஸ்டர் (மின்தடை) ஒன்று இருக்க வேண்டும் என்பது டைப்-சி விதி. பிளக்கை எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் வேலை செய்ய வேண்டும் என்பதால்தான் இரண்டு பின், இரண்டு ரெசிஸ்டர். வாசலில் ஆள் வந்திருப்பதைச் சொல்லும் அழைப்பு மணி போல, அந்த ரெசிஸ்டர் இருந்தால்தான் போன் கதவைத் திறக்கும்.

எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்க்கும் நண்பர் ஒருவர் உங்கள் கருவியின் டைப்-சி போர்ட்டை மல்டிமீட்டரில் அளந்து பார்த்தார். இரண்டு சிசி பின்களிலும் கிரவுண்டுக்கு இணைப்பே இல்லை. பெட்டியில் நீங்கள் தந்த கேபிளையும் அளந்தார். போனில் செருக வேண்டிய முனையில், கேபிளுக்குள்ளேயே அந்த 5.1 கிலோஓம் இருக்கிறது. அந்தக் கேபிளின் ஒரு முனையில் மட்டும் போன் படம் அச்சிட்டிருப்பது ஏன் என்பதும், முனைகளை மாற்றிச் செருகினால் கருவி இயங்காமல் போவது ஏன் என்பதும் அப்போதுதான் விளங்கியது. ஓடிஜி அடாப்டர் வழியாக இயங்கியதற்கும் இதே காரணம்தான்: கருவியில் இல்லாத ரெசிஸ்டர் அந்த அடாப்டரில் இருக்கிறது.

அதாவது, கருவிக்குள் இருக்க வேண்டிய ரெசிஸ்டரைக் கேபிளுக்குள் மறைத்து வைத்து விற்றிருக்கிறீர்கள். கேபிள் நன்றாக இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. அது தேய்ந்த அன்றிலிருந்து, கடையில் கிடைக்கும் விதிப்படியான எந்த டைப்-சி கேபிளிலும் இந்தக் கருவி போனோடு பேசாது. அதே கேபிளைத் தனியாக விற்கிறீர்களா என்று கேட்டேன், இல்லை என்று பதில் வந்தது. இப்படி ஒரு கருவியை ‘எல்லா டைப்-சி போன்களிலும் இயங்கும்’ என்று சொல்லி விற்பது வாங்குபவரை ஏமாற்றுவதுதான். இதைவிட மென்மையான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

இது உலகத்தில் யாருக்கும் நேராத பிழையும் இல்லை. 2019-இல் வெளிவந்த ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினியிலும் இதே இடத்தில்தான் பிழை நேர்ந்தது. இரண்டு சிசி பின்களுக்கும் தனித்தனியாக இரண்டு ரெசிஸ்டர் வைப்பதற்குப் பதிலாக ஒன்றையே பொதுவாக வைத்துவிட்டார்கள். விளைவு, உள்ளே அடையாளச் சிப் வைத்த சில டைப்-சி கேபிள்களை மாட்டியபோது, சார்ஜர் அந்தக் கணினியை ஓர் ஆடியோ அடாப்டர் என்று நினைத்து மின்சாரம் தர மறுத்தது. அவர்கள் பிழையை வெளிப்படையாக ஒத்துக்கொண்டார்கள், பின்னால் வந்த போர்டுகளில் திருத்தினார்கள். வாங்கியவரின் சார்ஜர் மேல் பழியைப் போட்டு விட்டுவிடவில்லை. உங்களிடமும் நான் எதிர்பார்ப்பது அந்த நேர்மையைத்தான். மிகச் சிறிய, மிக மலிவான இரண்டு பாகங்கள்தான் குறை. திருத்துவது கடினமான வேலையே அல்ல.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். பெட்டியில் ‘32 பிட், 384 கிலோஹெர்ட்ஸ்’ என்று போட்டிருக்கிறீர்கள். கருவியின் விளக்கு சாம்பிள் ரேட்டுக்கு (ஒலியை ஒரு நொடிக்கு எத்தனை முறை அளந்து பதிந்திருக்கிறார்கள் என்ற எண்ணுக்கு) ஏற்ப நிறம் மாறும் என்றும் கையேட்டில் இருக்கிறது. போனில் நான் வழக்கமாகப் பயன்படுத்தும் ஆப்பில் எந்தப் பாட்டைப் போட்டாலும் விளக்கு 48 கிலோஹெர்ட்ஸ் நிறத்திலேயே நிற்கிறது. 44.1 கிலோஹெர்ட்ஸ் சிடி தரப் பாட்டுக்கும் அதே நிறம், 96 கிலோஹெர்ட்ஸ் பாட்டுக்கும் அதே நிறம். இதைக் கேட்டதற்கு ‘உயர்தரக் கோப்புகளை இயக்கிப் பாருங்கள்’ என்று எழுதினார்கள். கோப்பில் குறை இல்லை. ஆண்ட்ராய்டு, பாட்டு, அறிவிப்பு ஒலி, மற்ற ஆப்களின் சத்தம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, பெரும்பாலும் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றித்தான் வெளியே அனுப்புகிறது. அதைத் தாண்டிப் போக, கருவியோடு நேரடியாகப் பேசும் யுஎஸ்பி டிரைவரைத் தனக்கென்று வைத்திருக்கும் மியூசிக் ஆப் வேண்டும். 2023-இல் வந்த ஆண்ட்ராய்டு 14-இல் ஒலியை மாற்றாமல் அப்படியே அனுப்பும் வசதியைச் சேர்த்தார்கள், ஆனால் போனும் ஆப்பும் அதற்கு ஒத்துழைத்தால்தான் பலன்.

48-க்கு மாற்றியதால் பாட்டு கெட்டுவிட்டது என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலான பாட்டுகளில் என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் 384 என்ற எண்ணைக் காட்டித்தான் பொருளை விற்கிறீர்கள். போனில் அந்த எண்ணை எட்ட என்ன செய்ய வேண்டும் என்று கையேட்டில் ஒரு பத்தி எழுதுவது உங்கள் கடமை. அந்தப் பத்தி இல்லாததால், விளக்கின் நிறத்தைப் பார்த்து, கருவியே பழுதோ என்று எத்தனை பேர் கவலைப்பட்டிருப்பார்கள்.

ஆம்ப்பின் திறனை மில்லிவாட்டில் குறித்திருக்கிறீர்கள், எத்தனை ஓம் மின்தடையுள்ள ஹெட்போனுக்கு என்று குறிக்கவில்லை. அது இல்லாமல் அந்த எண்ணுக்குப் பொருளே கிடையாது. 2 வோல்ட் தரும் ஆம்ப், 32 ஓம் ஹெட்போனில் 125 மில்லிவாட் தரும், அதே 2 வோல்ட்டுக்கு 300 ஓம் ஹெட்போனில் 13 மில்லிவாட்தான் கிடைக்கும். தன் ஹெட்போனுக்கு இது போதுமா என்று கணக்குப் போட விரும்புபவருக்கு இந்த விவரம் அவசியம்.

ஒலியளவு பற்றியும் அவசரமாகக் கவனிக்க வேண்டும். கருவியைப் போனில் செருகி முதல் பாட்டைப் போட்டால் சில நேரம் முழு ஒலியளவில் பாய்கிறது. போனின் ஒலிப் பொத்தானைத் தொட்ட பிறகே அடங்குகிறது. இயர்போனைக் காதில் மாட்டியபடி செருகுபவருக்கு இது ஆபத்து. குறைந்த ஒலியளவில் தொடங்கும்படி ஃபர்ம்வேரை, அதாவது கருவிக்குள் இருக்கும் மென்பொருளை, திருத்துங்கள். எந்த வசதிக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை இது.

என் கோரிக்கைகளைச் சொல்கிறேன். இரண்டு சிசி பின்களுக்கும் முறையாக ரெசிஸ்டர் வைத்த கருவி உங்களிடம் இருந்தால் அதை மாற்றித் தாருங்கள். இல்லையென்றால் கருவியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுப் பணத்தையும் தாருங்கள். புதிய கேபிள் ஒன்றை மட்டும் அனுப்பி விஷயத்தை முடிக்க நினைக்க வேண்டாம். அதுவும் ஒருநாள் தேயும், நான் மறுபடியும் இதே இடத்தில் வந்து நிற்பேன்.

எனக்குக் கிடைப்பதோடு இது முடியவும் கூடாது. இதே கருவியை வாங்கிய மற்றவர்களுக்கும் இந்தக் குறையைத் தெரிவியுங்கள். அவர்களில் பலர், போன்தான் சரியில்லை என்று நம்பி, கருவியை மேசை இழுப்பறையில் போட்டிருக்கக்கூடும். திருத்திய கருவி வரும்வரை, ஓடிஜி அடாப்டரும் ஏ-யிலிருந்து சி-க்குப் போகும் கேபிளும் இருந்தால் இயங்கும் என்ற எளிய தகவலாவது அவர்களுக்குப் போய்ச் சேரட்டும். பெட்டியில் உள்ள ‘எல்லா டைப்-சி போன்களிலும்’ என்ற வாசகத்தை எடுத்துவிடுங்கள். சேவைப் பிரிவினருக்கு, ‘போன் பொருந்தாது’ என்று சொல்வதற்கு முன்னால் எந்தக் கேபிளில் சோதித்தீர்கள் என்று கேட்கச் சொல்லிக்கொடுங்கள்.

கருவி வாங்கிய ரசீது, நான் செய்த சோதனைகளின் காணொளி, மல்டிமீட்டர் அளவுகளின் படங்கள், உங்கள் சேவைப் பிரிவு அனுப்பிய பதில்கள் அனைத்தையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். கருவியை நேரில் சோதிக்க வேண்டுமென்றால் அனுப்பத் தயார், போக வர அனுப்பும் செலவு உங்களுடையது. பதிலை வடிவமைப்புப் பிரிவில் பொறுப்பான ஒருவர் படித்துப் பார்த்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பழைய வாசகமே மறுபடியும் வந்தால், இந்த இணைப்புகளோடு நுகர்வோர் குறைதீர் அமைப்பை அணுகுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: மேலே குறிப்பிட்டபடி