மாடித்தோட்டச் சங்கம்: 2024–25 செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களுக்காக இதை வாட்ஸ்அப் குழுவிலும் போடுவேன், தெரியாது என்று பிறகு யாரும் சொல்ல வேண்டாம்.

ஆடிப்பட்டத்துக்கு விதைப் பரிமாற்றம் நடந்தது. மண்புழு உரப் பயிற்சி நடந்தது. கார்த்திகைக் கண்காட்சி ஃபெஞ்சல் புயலால் நின்றுபோனது. அந்த மழையில் டிரம் டிரம்மாகப் பிடித்து, கொசு போகாமல் மூடி வைத்த தண்ணீரில்தான் நான் சொல்லப்போகும் வேலையே நடந்தது.

பூச்சி தின்னும் செடியை விதையிலிருந்து வளர்க்கலாம் என்று போன பொதுக்குழுவில் நான் சொன்னபோது சிரித்தவர்கள் இங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். கத்தரி, வெண்டையை விட்டுவிட்டு இது எதற்கு என்று கேட்டார்கள். இது வெளிநாட்டு அலங்காரச் செடி இல்லை. டிரோசெரா பர்மானி, அதாவது அழுகண்ணி, நம் நாட்டு ஈர மணலிலேயே வளர்கிற செடி. மண்ணில் கிடைக்காத நைட்ரஜனை இலையில் ஒட்டும் கொசு, எறும்பிடம் வசூல் செய்துகொள்ளும். (வசூலில் நம் சங்கத்தைவிடக் கெட்டி.)

விதை கறுப்புத் தூள் மாதிரி, ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மண் போட்டு மூடக் கூடாது, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். ஃபேனை நிறுத்திவிட்டு, மடித்த காகிதத்திலிருந்து ஈரமான பீட் மாஸ் (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி), பெர்லைட் (எடையில்லாத வெள்ளைக் குருணைக் கல்) கலவை மேல் மெல்லத் தட்டி விட வேண்டும், அவ்வளவுதான். மேலே தண்ணீர் ஊற்றினால் விதை ஒரு மூலைக்குப் போய்விடும், அதனால் தொட்டியைத் தட்டில் வைத்துத் தட்டில்தான் தண்ணீர். மேலே கண்ணாடித் தாள், நேர் வெயில் படாத நல்ல வெளிச்சம், அப்புறம் இரண்டு முதல் நான்கு வாரம் பொறுமை. பீட் மாஸ் விலையைப் பார்த்துப் பொருளாளர் முகம் சுளித்தார், தேங்காய் நார்த் தூளான கோகோபீட் போதாதா என்றார். அதிலிருக்கும் உப்பு போகப் பலமுறை அலச வேண்டும், அலச யார் வருவார்கள் என்று கேட்டேன், பதில் இல்லை.

தண்ணீரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், போர் தண்ணீரை நினைத்தே பார்க்காதீர்கள் என்று எத்தனை முறை எழுதினேன்! ஓர் உறுப்பினர் ஆர்ஓ தண்ணீர்தானே என்று அந்த மெஷினின் கழிவுக் குழாயில் வருவதைப் பிடித்து ஊற்றினார். உப்பெல்லாம் சேர்வதே அதில்தான். இன்னொருவர் பாவம், குட்டிச்செடி வாடியிருக்கிறதே என்று பாசத்தில் மண்புழு உரக் கரைசல் தெளித்துவிட்டார். அந்த இரண்டு தட்டும் போயின. வேருக்கு உரம் கொடுத்தால் இந்தச் செடி சாகும், இதை நோட்டீஸ் அடித்தே ஒட்டியிருந்தேன். மழைத் தண்ணீரும் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் கொடுத்த தட்டுகள் நன்றாக இருக்கின்றன. தரையோடு படிந்த சின்னச் சின்ன வட்டமாக, இலை நுனியெல்லாம் பசைத்துளியோடு, எறும்பு பட்டால் ஓரத்து முடி சில வினாடிக்குள் மடங்குகிறது. சிரித்தவர்கள் வந்து பார்க்கலாம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு இருக்கிறது, பெரிதாக இல்லை. சந்தா பாதிப் பேருக்கு மேல் பாக்கி. கூட்டத்துக்கு வராமல் நாற்று மட்டும் கேட்பவர்களும் அதே ஆட்கள்தான். இடம் கொடுத்த நலச்சங்கத்துக்கும் தேநீர் ஏற்பாடு செய்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் செயலாளராக இருக்க எனக்கு ஆசை இல்லை, ஆனால் தட்டுகளை யாரிடம் விடுவது என்று தெரியவில்லை. மே மாதம் நான் பெங்களூரில் மகள் வீட்டில் இருப்பேன். அந்த வெயிலில் தினமும் தட்டில் தண்ணீர் பார்க்க ஒரு ஆள் வேண்டும், ஏசி இருக்கும் வீடாக இருந்தால் தண்ணீருக்கும் கவலையில்லை. பூத்தால் தானாகவே மகரந்தம் சேர்ந்து விதை ஏராளமாகக் கொடுக்கும். முதல் விதைக் கவர் தண்ணீர் பார்த்தவருக்கு, மற்றவை சந்தா கட்டியவர்களுக்கு. ரசீதுப் புத்தகம் வாசல் மேஜையில் இருக்கிறது.