பேச்சு வரட்டும், அப்புறம் போடுகிறேன்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மினியாபொலிஸ், செயின்ட் பால் பக்கம் வேலை செய்யும் தமிழ் டாக்டர்கள், நர்ஸ்கள், பார்மசிஸ்ட்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது நம்மில் ஒருவர் சொன்னார்: "இந்த சோமாலிக்காரங்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில ஏறாது. தடுப்பூசின்னாலே ஓடுறாங்க." நாலைந்து பேர் சிரித்தோம். ஆமாம், நானும்தான். வீட்டுக்கு வந்தும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. நான் குழந்தைகள் கிளினிக்கில் நர்ஸ். எங்களிடம் வருபவர்களில் பாதிப் பேர் சோமாலியாவிலிருந்து வந்த குடும்பங்கள். அந்தத் தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

அவர்கள் தடுப்பூசிக்கு ஓடுகிறவர்களாக இங்கே வந்து சேரவில்லை. 2004-இல் மினசோட்டாவின் சோமாலிக் குழந்தைகளில் 92 சதவீதம் பேர் இரண்டு வயதுக்குள் எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த தடுப்பூசி) போட்டிருந்தார்கள். 2014-இல் அது 42 சதவீதம். பத்தே வருடத்தில் ஒரு சமூகத்துக்குப் புத்தி மாறிவிடுமா? நடுவில் ஒன்று நடந்தது.

2008 வாக்கில், பள்ளிக்கு முந்தைய சிறப்பு வகுப்புகளில் தங்கள் பிள்ளைகள் அதிகமாக இருப்பதை முதலில் கவனித்தவர்கள் அந்த அம்மாக்கள்தான். பேச்சிலும் பழகுவதிலும் பிள்ளைகள் வேறுபட்டு வளரும் ஆட்டிசம் என்ற நிலைக்கு அப்போது அவர்கள் மொழியில் ஒரு சொல்கூட இருக்கவில்லை. ஊரில் பார்த்தறியாத ஒன்று, இங்கே வந்த பிறகு பக்கத்து வீடு, எதிர் வீடு என்று வருகிறது. "ஏன் எங்கள் பிள்ளைகளுக்கு?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. மாநிலச் சுகாதாரத் துறையே 2009-இல் பார்த்து, அந்த வகுப்புகளில் சோமாலிப் பிள்ளைகளின் விகிதம் கூடுதல்தான் என்றது. 2013-இல் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வு வந்தது. மினியாபொலிஸில் சோமாலிக் குழந்தைகளில் 32 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம். வெள்ளைக் குழந்தைகளில் 36-இல் ஒருவர். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஆட்டிசம் உள்ள சோமாலிக் குழந்தைகளுக்கு அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்து வருவது மிக அதிகம். ஏன் என்று அந்த ஆய்வாலும் சொல்ல முடியவில்லை.

அந்தப் பதில் இல்லாத இடத்துக்குத்தான் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு வந்து சேர்ந்தார். எம்.எம்.ஆரையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட அவருடைய 1998 கட்டுரையை லான்செட் மருத்துவ இதழ் 2010-இல் திரும்பப் பெற்றது. அதே வருடம் பிரிட்டனில் அவருடைய மருத்துவப் பதிவும் பறிபோனது. அதற்குப் பிறகும் மினியாபொலிஸ் வந்து சோமாலிப் பெற்றோரைச் சந்தித்துப் பேசினார். நாம் "அதெல்லாம் நிரூபிக்கப்படவில்லை" என்று ஒரு வரியில் அனுப்பி வைத்தோம். அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எனக்கு அந்த ஆள் மேல் கோபம் தீரவே தீராது. ஆனால் அந்த நாற்காலி காலியாகக் கிடந்ததற்கு நாமும்தானே பொறுப்பு?

2017 வசந்தத்தில் தட்டம்மை வந்தது. மொத்தம் 75 பேர். பெரும்பாலும் ஊசி போடாத சோமாலிக் குழந்தைகள். 2024-லும் மறுபடி வந்தது.

அதே 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் என்ன நடந்தது, ஞாபகம் இருக்கிறதா? தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம். வாட்ஸ்அப்பில் வதந்தி பறந்தது, பெற்றோர் பயந்தார்கள், கடைசியில் முகாமை நீட்டிக்க வேண்டிவந்தது. மதுரையிலிருந்து என் சித்தி போன் செய்து, "பேத்திக்குப் போடலாமாடி? என்னென்னவோ சொல்றாங்களே" என்றார். சித்தி எம்.எஸ்சி. படித்தவர். அவரிடம் "மண்டையில ஏறாது" என்று நான் சொல்லவில்லை. அரைமணி நேரம் பேசினேன். இங்கே வரும் அம்மாவுக்கு மட்டும் ஏன் ஐந்து நிமிடம்?

அவர்கள் யாரும் "போட மாட்டேன்" என்று சொல்வதில்லை, கவனித்தீர்களா? "பேச்சு வரட்டும், அப்புறம் போடுகிறேன்" என்பார்கள். பிள்ளை பேசிவிட்டால் ஆட்டிசம் இல்லை என்ற கணக்கு. சிக்கல் என்னவென்றால், முதல் ஊசி போட வேண்டிய 12-15 மாதமும், ஆட்டிசத்தின் அறிகுறி கண்ணில் படத் தொடங்கும் வயதும் ஏறக்குறைய ஒன்று. காத்திருக்கும் அந்த இரண்டு மூன்று வருடத்தில் தட்டம்மைக்குக் கதவு திறந்தே கிடக்கிறது. இதைப் படம் போட்டுச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். ஆனால் முதலில் ஆட்டிசத்தைப் பற்றிப் பேச வேண்டும். "பேச்சு தாமதமானால் நான் இருக்கிறேன், பரிசோதனைக்கு எங்கே போவது, பயிற்சி எங்கே கிடைக்கும் எல்லாம் நான் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொன்ன பிறகுதான் ஊசிப் பேச்சு காதில் விழும்.

ஊசியில் பன்றி ஜெலட்டின் இருக்கிறதா என்று கேட்டால் மழுப்பாதீர்கள். இங்கே போடும் எம்.எம்.ஆர். ஊசிகளில் ஒன்றில் இருக்கிறது. 2022-இல் இங்கே அனுமதி பெற்ற பிரியோரிக்ஸ் என்ற இன்னொரு எம்.எம்.ஆர். ஊசியில் இல்லை. இருப்பில் இல்லையென்றால் வரவழைத்துக் கொடுங்கள்.

அப்புறம், பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அவசரம் தவிர மற்ற நேரத்தில் அது சட்டப்படியும் தவறு. தன் அம்மாவின் மாதவிடாயைப் பற்றி ஒரு பையன் தரையைப் பார்த்துக்கொண்டு டாக்டரிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். போன் மொழிபெயர்ப்பாளர் வர ஏழு நிமிடம் ஆகிறது, சரி. ஆகட்டும்.

சர்க்கரை நோய்க்கு வரும் பாட்டிகளிடம் கீன்வா என்ற தானியத்தைச் சாப்பிடச் சொல்லும் தாளை நீட்டாதீர்கள். ஏலக்காய், பட்டை தட்டிப் போட்ட 'ஷாஹ்' டீயில் எத்தனை கரண்டி சர்க்கரை என்று கேளுங்கள். நம் வீட்டுப் பாட்டியிடம் டீயைப் பற்றிக் கேட்டால் எப்படி முறைப்பாரோ, அதே முறைப்பு வரும். அங்கிருந்து ஆரம்பிக்கலாம். ரம்ஜானுக்கு முன்பே மாத்திரை நேரத்தை மாற்றிக் கொடுத்துவிடுங்கள். நோன்பு தொடங்கினால் அவர்களாகவே நிறுத்திவிடுவார்கள்.

பிறந்த தேதி எல்லோருக்கும் ஜனவரி 1 என்று கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரிக்கிறோம். அகதியாக வந்தபோது யாரோ நிரப்பிய தேதி அது. என் தாத்தாவுக்குப் பிறந்த தேதி போட்டது ஹெட்மாஸ்டர். பெயரிலும் அப்படித்தான். தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர். குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயரை 'லாஸ்ட் நேம்' கட்டத்தில் எழுதிவிட்டு விமான நிலையத்தில் விழித்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

போன மாதம் ஒரு அம்மா. பையனுக்கு மூன்று வயது, ஒரு ஊசியும் போடவில்லை. மூத்தவனுக்கு ஆட்டிசம். நாற்பது நிமிடம் பேசினோம். அதில் முப்பது நிமிடம் மூத்தவனைப் பற்றி. இரவில் அவன் தூங்குவதில்லை, அதனால் அவளும் தூங்குவதில்லை. கடைசியில் அவளாகவே சின்னவனின் சட்டைக் கையை மேலே சுருட்டினாள். ஊசி போட்டதும் அவன் "ஹோயோ" என்று வீறிட்டான். ஹோயோ என்றால் அம்மா. அவளும் அவனை இறுக்கிக்கொண்டு "ஹோயோ, ஹோயோ" என்றாள். நாம் பெண்பிள்ளையை "என்னம்மா" என்கிறோமே, அதேபோல அவர்களும் பிள்ளையை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். மொழிபெயர்ப்பாளர் போனில் இதை எனக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது அடுத்த நோயாளி காத்திருப்பதாகக் கதவைத் தட்டினார்கள்.

சித்திரை விழாவில் சாப்பாட்டு வரிசையில் பார்ப்போம்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி