அம்புக்குறி ஒன்று போதும்

ஆசிரியருக்கு,

கோடையில் ஜெர்மனியில் மகளோடு தங்கியிருந்தபோது ரைன் ஆற்றோரக் காட்டுப்பாதையில் ஒருநாள் நடந்தேன். பான் நகரிலிருந்து வீஸ்பாடன் வரை 320 கிலோமீட்டர். என் முழங்கால் விட்டது ஆறோ ஏழோதான். மரத்துக்கு மரம் நீலத்தில் வெள்ளை 'ஆர்' எழுத்து, வழி கேட்கவே தேவையில்லை. அக்கரையில் 1245இல் கட்டத் தொடங்கிய ரைன்ஃபெல்ஸ் கோட்டை இடிந்த சுவர்களோடு நிற்கிறது.

யாழ்ப்பாணத்தில் மலையுமில்லை, ஆறுமில்லை, சரி. ஆனால் நல்லூரில் யாழ்ப்பாண அரசர் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் சங்கிலியன் தோரண வாயில், யமுனா ஏரி, மந்திரி மனை எல்லாம் காலாற நடக்கும் தூரம்தானே? போன கிழமை வெளியூர்ப் பிள்ளைகள் இருவர் யமுனா ஏரிக்கு வழி தெரியாமல் என் படலையடியில் வந்து நின்றார்கள். சந்திக்குச் சந்தி அம்புக்குறிப் பலகை நட அப்படி என்ன செலவாகிவிடும்?

வாசகர் ஒருவர்,
நல்லூர்.