பாஸ்டன் தேயிலையும் நம் கோட்டையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தண்டையார்பேட்டையில் என் இரண்டு பிள்ளைகளுக்கும் வீட்டிலேயே பாடம் சொல்லித் தருகிறேன். அமெரிக்க வரலாற்றுக்குப் புத்தகம் தேடி இரண்டு மாதம் அலைந்தேன். முதலில் வாங்கியது வழவழப்பான தாளில் படமும் பளபளப்புமாக இருந்தது. 1776 சுதந்திரப் பிரகடனத்துக்கு ஆறு பக்கம். அதை எழுதிய ஜெஃபர்சன் வாழ்நாளில் 600 பேருக்கு மேல் அடிமைகளாக வைத்திருந்தவர் என்று ஒரு வரிகூட இல்லை. அமெரிக்கப் பூர்வகுடிகளான செரோக்கி மக்களைச் சொந்த மண்ணிலிருந்து விரட்டியதும் இல்லை. பிள்ளைகளிடம் பாதியை மறைத்துப் பாடம் நடத்த எனக்கு மனசு வரவில்லை.

அப்புறம் சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளம் பழைய புத்தகக் கடையில் ஒன்று கிடைத்தது. அட்டை பிய்ந்து, ஓரமெல்லாம் யாரோ பென்சிலில் கோடு போட்டது. 1773இல் பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டிய கதையை வாசித்தோம். தேயிலை கிழக்கிந்தியக் கம்பெனியுடையது என்றதும் மூத்தவள் நிமிர்ந்து, "நம்ம கோட்டையைக் கட்டினவங்களாம்மா?" என்றாள். அவங்களேதான். மறுநாளே மூவரும் பஸ் ஏறிப் போய் ஜார்ஜ் கோட்டை மதிலைப் பார்த்துவிட்டு வந்தோம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த எலிஹு யேல் அங்கே கவர்னராக இருந்தவர் என்பதையும் அங்கே வைத்தே சொன்னேன்.

இப்படி ஒரு புத்தகத்தைப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே நம் பதிப்பாளர்கள் கொண்டுவர வேண்டும். எங்கள் பகுதிக் கிளை நூலகத்துக்கும் இரண்டு பிரதி வர வேண்டும்.

– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை